வண்டியைக் கண்டால் மட்டும் சீறும் தெருநாய்: காரணம் என்ன?

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் ஒரு செவலை நாய், பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும். இப்போது கொஞ்ச நாளாக இருசக்கர வண்டியில் போகிறவர்களைத் துரத்துகிறது. பிடரி மயிர் சிலிர்த்து, வால் விறைத்து, நேராகக் காலைப் பார்த்து வருகிறது. வண்டியை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. நடந்து போனால் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

குட்டி போட்ட நாய் யாரையும் கிட்டே விடாது, சரி. இது ஆண் நாய். பிறந்த 3 முதல் 14 வாரத்துக்குள் மனிதர்களோடு பழகாத குட்டிதான் பிற்பாடு மிரளும் என்பார்கள், இது பழகிய நாயாயிற்றே! ஏதாவது வண்டி மோதி உள்காயம் இருக்குமோ? வலி இருந்தாலும் நாய் கடிக்க வரும். வெறிநோய் மாதிரி எச்சில் ஒழுகலோ தள்ளாட்டமோ இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. இருந்தாலும் பல் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஊசி போட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

சிலர் கல்லெறிகிறார்கள். அதனால் முறைப்பு கூடத்தான் செய்யும் என்பது என் எண்ணம்.

இப்படி வண்டியை மட்டும் குறிவைத்த நாயை யாராவது சரிசெய்திருக்கிறீர்களா? கருத்தடை செய்தால் துரத்துவது குறையுமா? மருத்துவரிடம் காட்ட எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லுங்கள்.