வறுமை குறைந்தது உலகமயமாதலாலா, மனித மூலதனத்தாலா? இரண்டையும் பிரித்து எழுத முடியுமா?

நெய்தல் (கேள்வி)

வளரும் நாடுகளின் வறுமை குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளொன்றுக்கு 1.90 டாலர் என்ற உலக வங்கியின் பழைய வறுமைக் கோட்டின்படி, 1990இல் உலக மக்களில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினர் கடும் வறுமையில் இருந்தனர். 2015இல் அது 10 விழுக்காடாகக் குறைந்தது. சுங்க வரிகள் இறங்கியதும், பள்ளிச் சேர்க்கை பெருகியதும் இதே காலத்தில்தான். உலகமயமாதலுக்கு ஓர் அத்தியாயம், மனித மூலதனத்துக்கு (கல்வியாலும் பயிற்சியாலும் மக்கள் பெறும் அறிவுக்கும் திறனுக்கும்) ஓர் அத்தியாயம் என்று பிரித்து எழுதும்படி நெறியாளர் சொல்கிறார். ஆனால் நான் எடுக்கும் ஒவ்வொரு சான்றும் இரண்டு அத்தியாயங்களுக்கும் பொருந்துவதாகவே இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

தொடுவானம்

பிரிக்காமல் எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து. வங்காளதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1979இல் அது 130 பணியாளர்களை பூசான் நகரத் தொழிற்சாலைக்குச் சுமார் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. கொரிய ஆடைகளுக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி உச்சவரம்பு விதித்திருந்ததால்தான், அந்த வரம்புக்குள் சிக்காத ஒரு நாட்டை தேவூ தேடியது. போனவர்கள் தையலோடு உற்பத்தி மேலாண்மையையும் சந்தைப்படுத்தலையும் கற்றுத் திரும்பினார்கள். 1987க்குள் அந்த 130 பேரில் 115 பேர் வேலையை விட்டு விலகி, சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள் அல்லது புதிதாக முளைத்த ஆடை நிறுவனங்களில் சேர்ந்தார்கள். தேஷ் நிறுவனத்தின் கணக்கில் இது இழப்புதான். ஆனால் இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஆடைகளிலிருந்தே வருகிறது. அந்த ஆறு மாதங்களை நீங்கள் எந்த அத்தியாயத்தில் வைப்பீர்கள்?

(2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே தொழிலில்தான். அதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடாதீர்கள்.)

பனுவல்

தொடுவானம் சொல்வது சரியே, ஆனால் அந்த ஒரு சான்றை மட்டும் வைத்துக்கொண்டு வணிகம் எப்போதும் திறனை வளர்க்கும் என்று எழுதிவிட வேண்டாம். மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகியபோது நடந்ததை டேவிட் ஆட்கின் ஆராய்ந்திருக்கிறார். புதிதாக உருவான 25 வேலைகளுக்கு ஒரு மாணவர் என்ற கணக்கில், பன்னிரண்டாம் வகுப்பு வரை போயிருக்கக்கூடியவர்கள் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருக்கிறார்கள். படிப்புத் தேவைப்படாத வேலை, கையில் உடனே கூலி. பதினாறு வயதில் ஒரு பிள்ளையும் அதன் வீட்டாரும் அப்படி முடிவெடுப்பதில் வியப்பில்லை. வங்காளதேசத்திலோ, ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் தொலைவில் உள்ள கிராமங்களில் சிறுமிகள் கூடுதலாகப் பள்ளிக்குச் சென்றதையும் பெண்களின் திருமண வயது தள்ளிப்போனதையும் ஹீத், முபாரக் இருவரின் ஆய்வு காட்டுகிறது. அங்கே எழுத்தும் எண்ணும் தெரிந்தவர்களுக்கு மேலான வேலை கிடைத்தது. ஆகவே நாடு சந்தையைத் திறந்ததா என்பதைவிட, வந்த வேலை எந்தத் திறனுக்குக் கூடுதல் கூலி தந்தது என்பதே உங்கள் கட்டுரையின் மையக் கேள்வியாக இருக்க வேண்டும்.

கல்மரம்

ஒரு மாறுபட்ட கருத்து. இந்தியாவில் 1991க்குப் பிறகு நடந்த சுங்க வரிக் குறைப்பை மாவட்ட வாரியாக ஆராய்ந்த பெட்டியா தோபலோவா, இறக்குமதிப் போட்டிக்கு அதிகம் ஆளான ஊரக மாவட்டங்களில் வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகவே குறைந்தது என்று கண்டார். வறுமை கூடியது என்று அவர் சொல்லவில்லை. பலர் அப்படித் திரித்து மேற்கோள் காட்டுகிறார்கள். வேலை போன மாவட்டத்திலிருந்து வேலை இருக்கும் மாவட்டத்துக்கு மக்கள் அதிகம் நகரவில்லை என்பதே அதற்கான முக்கிய விளக்கம். திறன் இருந்தும் நகர முடியாதவரை உங்கள் இரு அத்தியாயங்களில் எதுவுமே பேசாது.

நெய்தல்

மூவருக்கும் நன்றி. ஓர் ஐயம்: வறுமைக் குறைப்பில் பெரும்பங்கு சீனாவுடையது. அது 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்ததை முதன்மைக் காரணமாகக் காட்டலாமா?

பனுவல்

அதற்கு வெகு முன்பே அங்கே ஊரக வறுமை வேகமாகக் குறையத் தொடங்கிவிட்டது. 1970களின் இறுதியில் வந்த வேளாண் சீர்திருத்தம் அதில் முக்கியமானது. மேலும் 1982 கணக்கெடுப்பின்போதே சீனாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே அவற்றுக்கு வேண்டிய ஆட்கள் இருந்தார்கள்.

அளவீட்டைப் பற்றியும் ஒன்று. மனித மூலதனத்தைப் பள்ளியில் கழித்த ஆண்டுகளால் மட்டும் அளக்காதீர்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் 53 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2019இல் உலக வங்கி மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் இருப்பவர்கள். தேர்வு மதிப்பெண் தரவு கிடைக்கும் நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பட்டியல் சுருங்கும். இருந்தாலும் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.