மறு: ‘ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். ஹாரி பாட்டர் முதல் நூலின் தலைப்பில் வரும் ‘ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்’, அதாவது உலோகத்தைப் பொன்னாக்கி ஆயுளையும் நீட்டிக்கும் கல்லை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கும் குழுவில் வந்த யோசனைகளுக்கும் என் பதில் இது.

> ‘தத்துவஞானியின் கல்’ என்பதில் என்ன பிழை? சொல்லுக்குச் சொல் சரிதானே?

சொல் சரி, பொருள் தவறிவிடுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் ‘ஃபிலாசஃபர்’ என்ற சொல், உலைமூட்டி உலோகத்தைப் பொன்னாக்க முயன்றவர்களையும் சேர்த்தே குறித்தது. இன்று தத்துவஞானி என்றால் பிள்ளைகளுக்குச் சாக்ரடீஸ்தான் நினைவுக்கு வருவார். ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997இல் இங்கிலாந்தில் வந்தது. மறு ஆண்டே அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘சார்சரர்ஸ் ஸ்டோன்’ என்றார்கள். அதைப் பார்த்து நாமும் ‘மந்திரவாதியின் கல்’ என்று வைத்தால் ரசவாத மரபே தலைப்பிலிருந்து கழன்றுவிடும். இந்தியில் ‘பாரஸ் பத்தர்’ என்று தங்கள் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு. திருமந்திரத்தில்,

‘பரிசன வேதி பரிசித்த தெல்லாம்
வரிசை தரும்பொன் வகையாகு மாபோல்’

என்று வருகிறது. பரிசித்தல் என்றால் தொடுதல். வேதித்தல் என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுதல். பள்ளியில் படிக்கும் வேதியியலில் இருப்பதும் இந்த வேதிதான். ஆகவே ‘பரிசவேதி’ என்பதே என் பரிந்துரை.

சிலர் சொன்ன ‘சித்தர் கல்’ எனக்கு உடன்பாடில்லை. கதையில் கல்லுக்கு உரியவரான நிக்கலஸ் ஃபிளமெல் பாரிசில் உண்மையாகவே வாழ்ந்தவர். படியெழுதும் தொழில் செய்து 1418இல் இறந்தார். அவர் 1407இல் கட்டிய வீடு இன்றும் அங்கே நிற்கிறது. அவரைச் சித்தர்களின் மலையான சதுரகிரிக்குக் குடியேற்ற வேண்டாம். பரிசவேதி அந்தப் பொருளின் குணத்தைச் சொல்கிறதே தவிர, யாருடையது என்று சொல்வதில்லை. சித்தர்களின் பாதரச மாத்திரையைக் குறிக்கும் ‘ரசகுளிகை’ நல்ல சொல்தான், பொன்னும் ஆயுளும் இரண்டும் அதில் அடங்கும். ஆனால் ஹாரியின் சட்டைப்பையில் வந்து விழுவது இரத்தச் சிவப்பான கல், மாத்திரை அல்ல. குளிகை என்றதும் நாள்காட்டியின் குளிகை நேரம் வேறு குறுக்கே வரும்.

> பரிசவேதி என்றால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? ‘பரிசு’ என்று படித்துவிடும்.

புரியாமல் இருப்பதுதான் கதைக்கே தேவை. மூன்று பிள்ளைகளும் ஃபிளமெல் யார் என்று நூலகத்தில் வாரக்கணக்கில் தேடுகிறார்கள். கடைசியில் ஹெர்மயனி ஒரு தடித்த பழம்புத்தகத்தைத் தூக்கிவந்து கல்லின் பெயரைச் சொல்லும்போது, ஹாரிக்கும் ரானுக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. அவள் வாசித்துக் காட்டிய பிறகுதான் விளங்குகிறது. நம் வாசகரும் அவர்களோடு அங்கேயே தெரிந்துகொள்ளட்டும். தலைப்பில் மட்டும் ‘பரிசவேதிக் கல்’ என்று சேர்த்து எழுதினால் பரிசோடு குழம்பாது.

கல்லிலிருந்து வரும், ஆயுளை நீட்டிக்கும் பானத்தை ‘அமுதம்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பாற்கடல் அமுதம் உண்டவருக்குச் சாவில்லை. இதையோ விடாமல் குடித்துவர வேண்டும். கல் அழிந்தபின் ஃபிளமெல் தம்பதிக்கு மிஞ்சுவது, காரியங்களை ஒழுங்குசெய்துவிட்டு இறக்கும் அளவுக்கான இருப்புதான். பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அதைச் சொல்லும் பக்கம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. உடலை மூப்பின்றிக் காக்கும் சித்த மருந்தான காயகற்பத்தை ஒட்டிக் ‘கற்பநீர்’ என்று சொல்லலாமா? குழுவில் உள்ள சித்த மருத்துவர்கள் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.