மறுமொழி: ரோடு அட்லஸுக்குத் தமிழ்ச் சொல் – ‘வழியேடு’ என்பது என் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘சாலை வரைபடத் தொகுப்பு’, ‘சாலைப்படச் சுவடி’, ‘நிலவரைபட நூல்’, ‘ஆற்றுப்படை’ ஆகிய நான்கும் வந்திருக்கின்றன. அட்லஸ் என்றே இருக்கட்டும் என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். நான் ‘வழியேடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைச் சற்று நீட்டித்தான் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகப்பட நூலுக்கு அட்லஸ் நிலைத்துவிட்டது; அதில் எனக்கு வழக்கு இல்லை. நிலப்பட வரைஞர் மெர்க்கேட்டர் தம் படத்தொகுப்புக்கு வைத்த பெயர் அது. அவர் இறந்த மறு ஆண்டு, 1595இல், நூல் வெளிவந்தது. நாமோ ஊர் ஊராய்ப் போகிறவர் வண்டியில் வைத்திருக்கும் புத்தகத்துக்குப் பெயர் தேடுகிறோம். அதன் பிறப்பு வேறு. இங்கிலாந்தில் ஜான் ஓகில்பி 1675இல் பெருவழிகளை மட்டும், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், நீண்ட நாடாக்களாக வரைந்து 100 படத்தாள்களில் அச்சிட்டார். வழியும் அதன் இருமருங்கும் தவிர வேறு நிலம் அவற்றில் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் எங்கள் பக்கத்துக் காவடிக்காரர்களின் மனத்திலும் நிலம் அப்படித்தான் கிடக்கிறது: குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று ஒரு நூலில் கோத்தாற்போல. ஆகவே வழிதான் இந்தப் பொருளின் உயிர். படம் அதைச் சொல்லும் முறை. பெயரில் முதலில் நிற்க வேண்டியது வழி.

> சாலை எல்லோருக்கும் தெரிந்த சொல். அதை ஏன் விட வேண்டும்?

எதற்காக இந்தப் புத்தகத்தை எடுக்கிறோம் என்று பாருங்கள். திருச்சியிலிருந்து காரைக்குடி வர யாருக்கும் புத்தகம் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை என்று நெடுஞ்சாலைத் துறை வகுத்திருக்கும் வரிசை முடிகிற இடத்தில்தான் தேவை தொடங்குகிறது. அங்கே இருப்பவை ஊராட்சி மண்சாலை, வண்டிப்பாதை, கண்மாய்க் கரை, ஒற்றையடித் தடம். இவற்றில் பலவற்றை எங்கள் ஊரில் யாரும் சாலை என்று சொல்லமாட்டார்கள். ‘வழி’ என்றால் இவையும் அடங்கும், நெடுஞ்சாலையும் அடங்கும்.

போன கார்த்திகையில் நண்பரும் நானும் இளையாற்றங்குடிக் கோயிலுக்குப் போய்விட்டு, நெடுஞ்சாலையைத் தொடாமல் உள்ளுக்குள்ளேயே கானாடுகாத்தான் திரும்பலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பினோம். கைபேசியில் படம் பாதி வந்து நின்றுவிட்டது. பையிலிருந்த அச்சுப் புத்தகத்தை இருக்கைமேல் விரித்தோம். நாங்கள் நின்ற இடம் இடப்பக்கத்தின் வலது ஓரத்தில் இருந்தது. போக வேண்டிய திசை வலப்பக்கத்தில். நடுவில் ஓர் ஊரின் பெயர் தையலுக்குள் புகுந்துபோய், ‘பட்டி’ என்ற வால் மட்டும் வெளியே தெரிந்தது. இந்தச் சீமையில் பட்டி என்று முடியும் ஊர்களுக்கா பஞ்சம்? இரண்டு கட்டைவிரலாலும் முதுகை அழுத்திப் பிரித்துப் பார்த்தோம், முன்பாதி கிடைக்கவில்லை.

மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது, அதை நம்பிப் போனோம். கோடு ஒரு நீலக் கோட்டைக் குறுக்கே வெட்டியது. வெட்டுகிற இடத்தில் இருப்பது உயர்மட்டப் பாலமா, தரைப்பாலமா என்று காட்ட ஒரு குறியும் இல்லை. போய்ப் பார்த்தால் தரைப்பாலத்தின்மேல் முழங்காலளவுக்குச் செந்நீர் ஓடுகிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “கண்மாய் மறுகால் பாய்கிறது தம்பி, இரண்டு நாளைக்கு வண்டி போகாது. கரைமேல் ஏறிக் கலுங்கு வரை போங்கள், அந்தப் பக்கம் பாதை கிடக்கிறது” என்றார். மறுகால் என்பது கண்மாய் நிரம்பி வழியும் நீர்; கலுங்கு அது வெளியேறும் கற்கட்டு. அவர் காட்டிய கரைவழி புத்தகத்தில் இல்லை. வீடு வந்ததும் அதைப் பென்சிலால் கோடிட்டு, தேதியும் போட்டு வைத்தேன்.

அந்தப் பென்சில் கோடுதான் என்னை ‘ஏடு’ என்ற சொல்லுக்குக் கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் வளவை (நடுமுற்றத்தைச் சுற்றிய உள்பகுதியை) ஒட்டிய அறையில், ஐயா பர்மாவில் கடை நடத்தியபோது எழுதிய பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு பக்கம் நிரம்பியதும் அடியில் தொகையைப் போட்டு, எந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனது என்று எண்ணை எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தின் தலையில் எங்கிருந்து வந்தது என்ற எண் இருக்கும். வழி காட்டும் புத்தகத்தின் விளிம்பிலும் இதே ஏற்பாடு உண்டு: ஓர் அம்புக்குறி, அடுத்த பக்கத்தின் எண். நூலை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறோம். ஏட்டைப் புரட்டித் தேடுகிறோம், அதில் பதிகிறோம், திருத்துகிறோம். நாளேடு, பதிவேடு, குறிப்பேடு, பேரேடு எல்லாம் அந்த வகை. வழியேடும் அச்சகத்தில் முடிந்துவிடுவதில்லை; வைத்திருப்பவர் பற்று வரவு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

> ஏடு என்றால் ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று சிரிப்பார்களே?

நல்ல கேள்வி. அந்தப் பழமொழி இந்தச் சொல்லோடு சேர்ந்தே வரட்டும் என்றுதான் நினைக்கிறேன். அச்சில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் அது நினைவூட்டும். திருச்சி–இராமநாதபுரம் நெடுஞ்சாலை பழைய ஏடுகளில் 210. நாடு முழுவதும் 2010இல் எண்களை மாற்றினார்கள். இன்று காரைக்குடி வழியாகப் போகும் பகுதிக்கு எண் 536. பழைய பதிப்போடு வருகிறவர் மஞ்சள் தலை வைத்த கல்லைப் பார்த்துக் குழம்பி நிற்பார். ஆகையால் வழியேட்டுக்குள் இரண்டு ஆண்டுகள் தனித்தனியே இருக்க வேண்டும்: ‘அச்சாண்டு’, ‘சரிபார்த்த ஆண்டு’. மறு அச்சில் முன்னது மட்டும் மாறியிருந்தால் வாங்குகிறவர் ஏமாறுவார். கடையில் கையிலெடுத்ததும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அடுத்துப் பார்ப்பது படத்தின் அளவை, அதாவது நிலத்தின் தொலைவு தாளில் எத்தனை மடங்கு சுருங்கியிருக்கிறது என்பது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். 1:10,00,000 அளவையில் அது 2 செ.மீ.கூட வராது, இடையில் உள்ள ஊர்களை எங்கே எழுதுவது? 1:2,50,000இல் 7 செ.மீ. வரும், வண்டியில் போகிறவருக்கு அது போதும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் 36 செ.மீ. வரும், ஊரணி, கண்மாய், கோயில் எல்லாம் தெரியும். ஆனால் அது தாள் தாளாக வருவது, ஏடாகக் கட்டியது அன்று. அதற்குத் ‘தலப்படம்’, இலங்கையில் ‘இடவிளக்கப்படம்’ என்று சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

மாவட்டம் மாவட்டமாகப் பிரித்த ஏட்டை எங்கள் பக்கத்துக்கு வாங்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டின் ஒரு பாதி 1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில், மறு பாதி 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த சிவகங்கையில். கோட்டையூரிலிருந்து இராயவரம் போக இரண்டு படங்களைப் புரட்ட வேண்டும். எல்லைக்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். கட்டம் போட்டுப் பிரித்து, அண்டைப் பக்கங்கள் ஒரு விரற்கடையாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் ஏடே நல்லது. அந்த ஏறிய பகுதிக்குத் ‘தழுவு விளிம்பு’ என்று சொல்லலாமா? தையலுக்குள் ஊர் போவது அப்போது நிற்கும்.

நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போகும் பயணத்துக்குப் ‘பின்னாட்டுப் பயணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. எங்கள் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. பின்னால் என்றால் எங்களுக்கு அடுத்த தெரு. நாட்டுக்குப் பின்புறம் எது? ‘சுரவழி’ (பாலை நிலத்து வழி) சங்க மணம் உள்ளதுதான், ஆனால் இன்று சுரம் என்றால் காய்ச்சல். மக்கள் வாயில் இருப்பது ‘உள்ளே தள்ளி இருக்கிற ஊர்’, ‘உள்ளடங்கிய ஊர்’. அதிலிருந்தே ‘உள்வழி’, ‘உள்வழிப் பயணம்’ என்று எடுக்கலாம்.

‘ஆற்றுப்படை’ எனக்கும் பிடித்த சொல். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது என்ற பொருள் அழகானது. இலக்கிய வகையின் பெயராக அது முழுதாக வாழ்ந்துகொண்டிருக்கும்போது ஒரு கடைப் பொருளுக்கு இழுக்க வேண்டாம். அந்தக் கரையில் நின்ற அம்மா சொன்னதைத்தான் ஆற்றுப்படை என்று சொல்லத் தோன்றுகிறது.

வேற்றுமை ஏற்றும் பார்த்துவிட்டேன். வழியேட்டில், வழியேட்டை, வழியேடுகள், வழியேட்டுக் குறிவிளக்கம் என்று எங்கும் நாக்கு தடுக்கவில்லை. ‘சாலை வரைபடத் தொகுப்பின் குறிவிளக்கம்’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு எஞ்சியிருக்கும் ஐயம் ஒன்றுதான். மழைக்காலத்தில் மூழ்கும் வழிக்கு ஏட்டில் தனிக் குறி வேண்டும், அந்தக் குறிக்குப் பெயரும் வேண்டும். ‘மூழ்குவழி’ என்று நான் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். தஞ்சை, நாகைப் பக்கத்து நண்பர்களிடம் இதைவிடப் பழகிய சொல் இருந்தால் எழுதுங்கள்; விக்சனரியில் இரண்டையும் சேர்த்தே ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து