190-ல் 96: 1952 தேர்தலில் தமிழ் ஜில்லாக்கள் காங்கிரஸைக் காப்பாற்றினவா?

வைகைவாசி:
நேற்று காமராஜர் பற்றிய பேச்சுக்கு நடுவில் இரட்டைக்காளை என்பவர் சும்மா போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "1952 பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸைக் கவிழ்த்தது தெலுங்கனும் மலையாளியும்தான். தமிழ் ஜில்லாக்கள் 190-ல் 96 கொடுத்து மானத்தைக் காப்பாற்றின." ராத்திரி தூக்கம் வரவில்லை.

190-ல் பாதி 95. உங்கள் 96 அதைவிட ஒன்று அதிகம். ஒன்றே ஒன்று! பந்தியில் 190 பேர் உட்கார்ந்து 94 பேர் இலையை மூடிவிட்டு எழுந்து போனால், அதற்குப் பெயர் விருந்தா?

முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அது எந்த ஊர் சார், குண்டூர் ஜில்லாவா? பக்தவத்சலம் தோற்றார். அவர் மலையாளியா?

இரட்டைக்காளை:
வந்துவிட்டார். ஐயா, பாதிக்கு மேல் ஒன்று இருந்தாலும் மேல்தான். நாலாம் வகுப்புக் கணக்கு.

மொத்தம் 375 சீட். காங்கிரஸுக்கு 152. அதில் தமிழ்ப் பகுதி 96, தெலுங்குப் பகுதி 143-ல் 43, மலபாரில் 29-க்கு 4, தென் கன்னடத்தில் 11-க்கு 9. இதைப் பார்த்த பிறகும் யார் கவிழ்த்தார்கள் என்று கேட்பவருக்கு நான் என்ன சொல்ல? 96.

மங்களூர்த்தமிழன்:
11-க்கு 9 கொடுத்த எங்கள் ஊரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

வைகைவாசி:
"96" என்று மந்திரம் மாதிரி சொன்னால் பலிக்காது. ஓட்டுக் கணக்குக்கு வாருங்கள். மாகாணம் முழுவதும் சேர்த்துக் காங்கிரஸ் வாங்கியது சுமார் 35 சதவீதம். நூறு பேரில் அறுபத்தைந்து பேர் வேறு பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பெட்டி என்று சொல்வது சும்மா இல்லை. அப்போது சீட்டில் முத்திரை குத்துவதெல்லாம் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும், மறைவுக்குப் பின்னால் போய்ச் சீட்டை உள்ளே போட வேண்டும். காங்கிரஸின் காளை மாட்டுப் பெட்டி இருந்தும் அதைத் தாண்டிப் போய் கம்யூனிஸ்டுகளின் கதிர் அரிவாள் பெட்டியிலும் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் குடிசைப் பெட்டியிலும் போட்ட ஜனங்கள் அவர்கள்.

இரட்டைக்காளை:
எங்கள் ஊரில் 35 மார்க் பாஸ் சார்.

வைகைவாசி:
பாஸ் மார்க் வாங்கியவன் "மானத்தைக் காப்பாற்றினேன்" என்று தெருவில் பட்டாசு வெடிக்க மாட்டான். நீங்கள் வெடிக்கிறீர்கள்.

குண்டூர்மிளகாய்:
நான் ஓட்டேரியில் பிறந்த தெலுங்குக்காரன். தமிழில்தான் படித்தேன், தமிழில்தான் சண்டை போடுவேன். "தெலுங்கன் கவிழ்த்தான்" என்பதை ஏதோ முதுகில் குத்தினது போல எழுதுகிறீர்களே, ஏன் கவிழ்த்தான் என்று யாராவது சொன்னீர்களா?

ஆந்திரா தனி மாநிலம் தருகிறோம், தருகிறோம் என்று சுதந்திரத்துக்கு முன்னால் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தது காங்கிரஸ். வந்தபின் இழுத்தடித்தது. கிருஷ்ணா-பெண்ணாறு திட்டம் என்று கிருஷ்ணா தண்ணீரைத் தெற்கே கொண்டுபோகப் பார்க்கிறார்கள் என்று டெல்டா விவசாயி கொதித்துக்கொண்டிருந்தான். கோபால ரெட்டி, கலா வெங்கடராவ், சந்திரமௌலி, மூன்று மந்திரிகளும் அவுட். தேர்தல் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1952 டிசம்பர் 15-ல் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதத்தில் உயிரை விட்டார், இதே மெட்ராஸில். அவர் உயிரை விடும் அளவுக்கு வளர்ந்த அந்தக் கோபம்தான் அதற்கு முன்பே ஜனவரியில் பெட்டியில் விழுந்தது.

இரட்டைக்காளை:
நானும் அதையேதான் சொல்கிறேன். கோபம் உங்களுக்கு. தமிழனுக்குக் கோபம் இல்லை. 96.

வைகைவாசி:
தமிழனுக்குக் கோபம் இல்லையாம்! ரேஷன் கடை கியூவில் நின்றவனைக் கேளுங்கள். தஞ்சாவூரில் குத்தகை விவசாயியைக் கேளுங்கள். மதுரையில் பி.ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். வண்ணாரப்பேட்டையில் ஜீவா ஜெயித்தார். கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்து ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டு, வெளியே விட்டும் விடாமலும் தேர்தல் வைத்தும், மாகாணம் முழுவதும் கம்யூனிஸ்டுகளுக்கு 62 சீட்.

இரட்டைக்காளை:
அந்த 62-ல் பெரும்பாலானவை தெலுங்குப் பகுதி. அதையும் சொல்லுங்கள் தோழர்.

வைகைவாசி:
என்னைத் "தோழர்" என்று கிண்டலாகச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. போன மாதம் "ஆந்திர மாநிலம் பிறந்தது 1956-ல்" என்று எழுதியவர்தானே நீங்கள்? 1953 அக்டோபர் 1. நான் சொன்ன பிறகு சத்தமில்லாமல் திருத்தினீர்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இரட்டைக்காளை:
ஆந்திரப் பிரதேசம் 1956. தட்டச்சில் "பிரதேசம்" விட்டுப்போனது. இதை எத்தனை தடவை சொல்வது?

பொன்னேரிக்காரர்:
முதலில் "மாகாணம்" என்று எழுதுவதை இருவரும் நிறுத்துங்கள். மாகாணம் வெள்ளைக்காரனோடு போயிற்று. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு அது மாநிலம். அடிப்படையே தெரியாமல் 96, 96 என்று.

வைகைவாசி:
எங்கள் வீட்டில் 1969 வரைக்கும் மாகாணம் என்றுதான் சொன்னார்கள். அப்புறமும் சொன்னார்கள்.

மலபார்மாப்பிளை:
நான் கோழிக்கோடு. சென்னையில் பத்து வருஷம் இருந்து தமிழ் எழுதக் கற்றேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 29-ல் 4 என்றதும் ஏதோ நாங்கள் குற்றம் செய்தது போல இங்கே பட்டியல் போடுகிறீர்கள். எங்களுக்கு வெட்கம் இல்லை. கண்ணூரில் கம்யூனிஸ்ட் ஏ.கே.கோபாலனை டில்லிக்கு அனுப்பினோம், மலப்புறத்தில் முஸ்லிம் லீக் போக்கர் சாகிபை அனுப்பினோம். மந்திரி மாதவ மேனனையும் வீட்டுக்கு அனுப்பினோம். நீங்கள் பாதி பேர் வேண்டாம் என்று போட்டுவிட்டு, 96 என்று மறைக்கிறீர்கள். நாங்கள் மறைக்கவில்லை.

இரட்டைக்காளை:
பாதி இல்லை. 94.

நாஞ்சில்நாட்டான்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். "தமிழன்" "தமிழன்" என்று பேசுகிறீர்களே, அந்த 190-ல் நாங்கள் எங்கே? நாகர்கோவிலும் செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று தனிக்கட்சியாக நின்று, காங்கிரஸை எதிர்த்து ஜெயித்தோம். தமிழன் காங்கிரஸின் மானத்தைக் காப்பாற்றினான் என்று எழுதுகிறபோது எங்கள் ஓட்டு எந்தக் கணக்கில் வரும்? எங்களை எண்ணினால் உங்கள் பாதி, பாதியாக இருக்குமா?

வைகைவாசி:
அப்படிப் போடுங்க அண்ணாச்சி! இரட்டைக்காளை, பதில்?

இரட்டைக்காளை:
நான் பேசுவது சென்னை மாகாணம். மாநிலம். எதையோ ஒன்று. திருவிதாங்கூர் கதையைக் கொண்டுவந்து கலக்க வேண்டாம். அந்தக் கட்சியின் பெயரிலேயே காங்கிரஸ் இருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

நாஞ்சில்நாட்டான்:
பெயரில் இருந்தால் போதுமா? உங்கள் பெயரில் காளை இருக்கிறது, உழுகிறீர்களா?

தம்பிமார்:
சிரித்து முடித்துவிட்டேன். இப்போது ஒரு விஷயம். அந்த 94-ல் யார் யார் இருந்தார்கள் என்று ஏன் ஒருவரும் பேசவில்லை? தி.மு.க. 1952-ல் நிற்கவே இல்லை. 1949-ல் பிறந்த கட்சி. திராவிட நாடு கோரிக்கையைச் சட்டசபையில் ஆதரிப்போம் என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு வேலை செய்தது. ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சிக்கு 19, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. ஊர் ஊராக மேடை போட்டு, தொண்டை கிழியப் பேசி ஜெயிக்க வைத்தது நம் ஆட்கள். ஜெயித்த சூட்டில் மாணிக்கவேலர் போய் ராஜாஜி மந்திரிசபையில் உட்கார்ந்தார். படையாட்சி வெளியிலிருந்து ஆதரவு, 1954-ல் காமராஜரிடம் மந்திரி. கையெழுத்துப் போட்ட மை காய்வதற்கு முன்னால்!

பெண்ணையாற்றங்கரை:
வந்தேன் பாருங்கள். தென்னாற்காட்டுக்காரன் ஓட்டை நீங்களா வாங்கிக் கொடுத்தீர்கள்? கடலூரில் இருந்து திண்டிவனம் வரை கிராமத்துக்குக் கிராமம் அவரவர் காலில் நின்று ஜெயித்தார்கள். இடமே கொடுக்காத காங்கிரஸிடமிருந்து எங்கள் மக்களுக்கு மந்திரிசபையில் ஒரு நாற்காலி வாங்கியது துரோகமா? பேசுவதற்கு மேடை மட்டும் போட்டவர்கள் பங்கு கேட்க வேண்டாம்.

தம்பிமார்:
பங்கு கேட்கவில்லை ஐயா. கையெழுத்தைத்தான் கேட்கிறேன்.

வைகைவாசி:
இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். விஷயத்தை விட்டு எங்கோ போகிறது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. 375-ல் பெரும்பான்மைக்கு 188 வேண்டும். கையில் 152. முப்பத்தாறு குறைவு. ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்த ஐக்கிய ஜனநாயக முன்னணி 166 பேர் என்று பட்டியல் காட்டிற்று. கவர்னர் ஸ்ரீபிரகாசா யாரைக் கூப்பிட்டார்? எந்தத் தொகுதியிலும் நிற்காத ராஜாஜியை. மேலவைக்கு நியமனம் செய்து, ஏப்ரல் 10-ல் பதவியேற்பு. அதை எதிர்த்து ராமமூர்த்தி கோர்ட்டுக்குப் போனார், தள்ளுபடி. ஜூலை 3-ல் நம்பிக்கை ஓட்டு, ஆதரவு 200, எதிர்ப்பு 151. 152 எப்படி சார் 200 ஆனது? நாலாம் வகுப்புக் கணக்கு என்றீர்களே, போட்டுக் காட்டுங்கள். 96 கொடுத்துக் காப்பாற்றிய மானம் என்றால், அப்புறம் எதற்கு இத்தனை ஓட்டம்?

இரட்டைக்காளை:
கம்யூனிஸ்டுகள் கையில் சென்னை போகாமல் இருக்க, 73 வயதில் ஒரு மனிதர் வந்து பொறுப்பெடுத்தார். அதற்கு நன்றி சொல்லத் தெரியாதவர்களிடம் கணக்குப் போட்டு என்ன பயன்? ரேஷன் கட்டுப்பாட்டை அவர் வந்துதானே எடுத்தார்? உங்கள் கியூ கலைந்தது அவரால்தான். அப்புறம் அந்தப் பிரகாசம்! தேர்தலில் சென்னையில் நின்று தோற்றவர்தானே? ராஜாஜி நிற்கவில்லை என்று குறை சொல்கிறீர்கள், நின்று தோற்றவர் முதல்வராகலாமா?

குண்டூர்மிளகாய்:
பிரகாசம் பந்துலுவைப் பற்றி மரியாதையாகப் பேசுங்கள். 1928-ல் சைமன் கமிஷன் வந்தபோது போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டியவர், இதே மெட்ராஸில்.

இரட்டைக்காளை:
மரியாதையாகத்தான் சொன்னேன். தோற்றார் என்பது அவமரியாதையா? 1953-ல் ஆந்திராவின் முதல் முதல்வரானார், அதுவும் காங்கிரஸ் ஆதரவில். கடைசியில் எல்லோரும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தார்கள்.

காரைக்குடிஆச்சி:
எல்லோரும் இத்தனை எண் சொல்கிறீர்கள். என் அப்பத்தாவுக்கு அப்போது 25 வயது. ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப்போனார்களாம். உள்ளே வரிசையாகப் பெட்டி. சின்னம் ஒட்டிய பக்கம் இருட்டாக இருந்ததாம். எதில் போட்டாய் என்று தாத்தா கேட்டதற்கு, "சாமி படம் எதுவும் இல்லை, பக்கத்தில் இருந்த பெட்டியில் போட்டேன்" என்றாராம். விரலில் வைத்த மையைக் கழுவக் கிணற்றடியில் ஒரு மணி நேரம் புளி போட்டுத் தேய்த்ததுதான் அவருக்கு ஞாபகம். கொஞ்சம் இந்த 96-ல் அப்பத்தாவின் பெட்டி எது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

பொன்னேரிக்காரர்:
அது மைசூர் மை. அழியாது.

வைகைவாசி:
மைசூர் மை 1962-ல்தான் வந்தது. 1952-ல் வைத்தது வேறு மை. மாகாணம், மாநிலம் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர் நீங்கள்தானே?

பொன்னேரிக்காரர்:
மை மைதானே. மாகாணம் மாநிலம் ஆகாது.

இரட்டைக்காளை:
அப்பத்தா போட்டது காளைப் பெட்டியாகத்தான் இருக்கும். செட்டிநாடு.

காரைக்குடிஆச்சி:
அப்பத்தாவைத் தொடாதீர்கள்.

வைகைவாசி:
பார்த்தீர்களா, தெரியாத ஓட்டையும் எடுத்து 96-ல் சேர்க்கிறார். இப்படித்தான் 152-ஐ 200 ஆக்கினார்கள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாடாளுமன்றத்துக்கு நின்ற காமராஜர் ஜெயித்தார், அதே ஊரில் சட்டசபைக்கு நின்ற முதலமைச்சர் தோற்றார். ஒரே ஜனம், ஒரே மாதம். காளையைப் பார்த்துப் போட்டார்களா, ஆளைப் பார்த்துப் போட்டார்களா? இதை வைத்துத் தனியாக எழுதப் போகிறேன்.

இரட்டைக்காளை:
எழுதுங்கள், எழுதுங்கள். முதல் வரியில் 96 போட மறக்காதீர்கள்.

வைகைவாசி:
முதல் வரியில் 94 போடுவேன்.

மங்களூர்த்தமிழன்:
11-க்கு 9.

பொன்னேரிக்காரர்:
பெல்லாரியை எந்தப் பகுதியில் எண்ணினீர்கள் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. தெலுங்கா, கன்னடமா?

குண்டூர்மிளகாய்:
ஆரம்பித்துவிட்டீர்களா?