அவுட்ஸ்டேஷன் போகும் கணவரோடு எப்போது கூடப் போகலாம்?

கெடா மல்லி
வணக்கம். பாடாங் செராயில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலைகளில் பாய்லர் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சரவாக்கில் பிந்துலு பக்கம் போவார், ஏழு முதல் பத்து நாள். ஹோட்டல் அறை கொம்பனி கணக்கு. "அறை எப்படியும் இருக்கு, நீயும் வாயேன்" என்கிறார். எனக்கு வருஷத்துக்கு 12 நாள் லீவு. மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மாமியார் பார்த்துக்கொள்வார். எந்தப் பயணத்துக்குப் போகலாம், எதை விடலாம்?

ஆயில் மில் ஃபிட்டர்
தங்கச்சி, அறை இருக்கு என்பதை வைத்து முடிவு பண்ணாதீங்க. எதுக்குப் போகிறார் என்று கேளுங்க.

ஆலை ஓடும்போது பாய்லர் ட்யூப் ஒழுகிக் கூப்பிட்டால் போகவே வேண்டாம். நீராவி நின்றால் செம்பனைப் பழக்குலையை வேகவைக்க முடியாது. குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடக்கும். குலை குவியும் மாதங்களில் இன்னும் நெருக்கடி.

முன்கூட்டியே தேதி குறித்த பராமரிப்பு வேறு மாதிரி. முதலில் பாய்லரை ஆறவைத்துத் திறந்து, கழுவி, உள்ளே பார்ப்பார்கள். எதிர்பாராத பழுது அப்போதுதான் தெரியவரும். பிறகு நீர் அழுத்தச் சோதனை. ஒரு இடம் ஒழுகினாலும் சரிசெய்து திரும்பச் சோதிக்கணும், வேலை இரண்டு நாள் தள்ளிப்போகும். ஆகவே ஆரம்பத்தில் கூடவே கிளம்பாதீங்க, கடைசியில் போய்ச் சேருங்க. வேலை முடியவேண்டிய தேதிக்கு இரண்டு நாள் தள்ளியே டிக்கெட் போடுங்க.

ஆலை எங்கே என்பதும் முக்கியம். டவுனை விட்டு வெகுதூரம் செம்மண் ரோட்டில் போகும் ஆலைகள் உண்டு. தோட்டத்து விடுதியில் தங்கினால் பகல் முழுக்க உங்களுக்குப் போக இடமே இருக்காது. இன்னொன்று, அறை அவருக்கு மட்டுமா, இரண்டு பேர் பகிர்வதா?

கெடா மல்லி
இப்பதான் கேட்டேன் அண்ணா. இன்னொரு ஃபிட்டரோடு பகிர்வு அறையாம்.

டிக்கெட் அக்கா
அப்படின்னா இலவச அறை என்ற பேச்சே இல்லை. நீங்கள் தங்கும் இரவுகளுக்குத் தனி அறை, தனி பில். கொம்பனி க்ளெய்மில் அந்த ரசீது கலக்கவே கூடாது. ஹோட்டலில் உங்கள் பெயரையும் பதியச் சொல்லுங்க. பசியாறல் எத்தனை பேருக்கு என்றும் கேட்டுக்கொள்ளுங்க. விலையில் 8% சேவை வரி சேர்ந்திருக்கா பாருங்க. ஒரு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வெளிநாட்டினருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

அடுத்தது கிழமை. இதில்தான் கெடாக்காரர்கள் லீவை வீணாக்குவது. நமக்கு ஓய்வு வெள்ளி, சனி. சரவாக்கில் சனி, ஞாயிறு. வியாழன் ராத்திரி போய் இறங்கினால் வெள்ளி முழுக்க அவர் ஆலையில் இருப்பார், நீங்கள் அறையில் இருப்பீங்க. வெள்ளி சாயங்காலம் போய்ச் சேருங்க, ஞாயிறு ராத்திரி திரும்புங்க. ஞாயிறு ஒரு நாள் லீவோடு முடியும். 12 நாளில் மகனுக்குக் காய்ச்சல், கோயில், தீபாவளி என்று பாதியை ஒதுக்கினாலும் வருஷத்துக்கு மூன்று நாலு தடவை தாராளமாகப் போகலாம்.

பிந்துலுவுக்கே போகணும் என்றில்லை. பினாங்கிலிருந்து சரவாக் தலைநகர் கூச்சிங்குக்கு நேர் விமானம் இருக்கு. பிந்துலு என்றால் வழியில் மாறணும். வேலை முடிந்து அவர் கூச்சிங் வரட்டும், நீங்கள் அங்கே சந்தியுங்க. அவருடைய திரும்பும் டிக்கெட்டைக் கூச்சிங் வழியாகப் போட்டால் வித்தியாசக் காசு யார் தருவது என்று ஆபிஸில் முன்னாலேயே எழுத்தில் கேட்கணும். நீங்கள் மாறித்தான் போகிறீங்க என்றால் இரண்டு விமானமும் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் காசு போச்சு.

ஆயில் மில் ஃபிட்டர்
அக்கா சொன்ன கூச்சிங் யோசனை நல்லது. கொம்பனி வாடகைக் காரில் உங்களை ஏற்றலாமா என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துபோகும்.

தமிழ்ப்பள்ளி அம்மா
மகனையும் கூட்டிப்போக நினைத்தால் பள்ளி விடுமுறையில் மட்டும். நடுவில் இரண்டு நாள் நிறுத்தினால் பாடத்தைப் பிடிக்கச் சிரமப்படுவான். சரவாக்கில் இறங்கினால் உள்நாட்டுப் பயணம் என்றாலும் குடிநுழைவுச் சோதனை உண்டு. உங்களுக்கு மைகாட் (அடையாள அட்டை). மகனுக்கு மைகிட் (பிள்ளைகளுக்கான அட்டை), பிறப்புச் சான்றிதழ் இரண்டும் அசலாகவே எடுத்துப்போங்க.

ஜூன் 1, 2 சரவாக்கின் அறுவடைத் திருநாளான கவாய். ஊருக்குத் திரும்புகிறவர்களால் டிக்கெட் விலை ஏறும், கடைகளும் பல மூடியிருக்கும். அந்த வாரத்தை விடுங்க. இன்னொன்றும் இப்போதே பாருங்கம்மா: சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. அங்கே வேலைத் தேதி குறிப்பவர்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்காது. வருஷத் தொடக்கத்திலேயே அந்த வாரத்துக்கு அவரை லீவு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

கெடா மல்லி
நன்றி. அடுத்த வேலை குறித்த தேதியில் நடக்கும் பராமரிப்புதானாம், புதன்கிழமை முடியணுமாம். வெள்ளி சாயங்காலத்துக்கு பினாங்கு–கூச்சிங் டிக்கெட் பார்க்கிறேன்.