முன் ஸ்ட்ரட்டை வீட்டிலேயே மாற்றலாமா? ஸ்பிரிங்தான் யோசிக்க வைக்கிறது

கேள்வி: புதுச்சாவி

சின்ன ஹேட்ச்பேக் கார். முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு). 95,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது. வலது ஸ்ட்ரட்டின் உடம்பு முழுக்க எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பிக் கிடக்கிறது. சின்னக் குழிகளில் 'டொக் டொக்' என்ற சத்தமும் வருகிறது.

ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் வரை நானே மாற்றுவேன். சஸ்பென்ஷனில் கை வைத்ததில்லை. வலது பக்கத்தை மட்டும் மாற்றினால் போதுமா? ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஸ்ஸர் வாங்கி வீட்டிலேயே செய்யலாமா? எந்தெந்தக் கருவி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது? முடித்த பிறகு அலைன்மென்ட் கட்டாயமா?

பதில்: மரைக்காரன்

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். புது ஸ்ட்ரட் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும், பழையது துள்ள விடும். மேடுபள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி தரையைப் பிடிக்காது, கார் ஒரு பக்கமாக இழுக்கும். முன் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கூடவே டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல் முனையைக் காரின் உடலோடு சேர்ப்பது), அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதாக அழுந்தும்போது தாங்கும் ரப்பர்), டஸ்ட் பூட் (தண்டில் தூசி படாமல் மூடும் உறை) நான்கையும் புதிதாகப் போடுங்கள். பழைய மவுண்டை மறுபடி மாட்டினால் அடுத்த வருடம் அதற்காகவே முழுவதையும் கழற்ற வேண்டிவரும்.

பாகம் ஆர்டர் செய்வதற்கு முன் அந்த 'டொக் டொக்' எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஷாக் போனால் கார் ஆடும். சின்னக் குழியில் வரும் சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கில் (குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் பாரை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் சிறு தண்டு) இருந்தோ லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) ரப்பர் புஷ்ஷில் இருந்தோதான் வரும். லிங்க்கைக் கையால் பிடித்து வேகமாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் விரலுக்கே தெரியும். லோயர் ஆர்ம் முனையில் உள்ள பால் ஜாயின்ட்டை (பந்து மூட்டு) ஒரு நெம்புகோலால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். லிங்க் விலை குறைவு, எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், இரண்டையும் இப்போதே மாற்றிவிடலாம்.

கருவிகள்: தரையில் உருளும் ஹைட்ராலிக் ஜாக்கி, இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்ட் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி), அரை இஞ்ச் சதுர முனை உள்ள நீளமான பிடி, டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவைக் காட்டும் ரெஞ்ச்), 10 முதல் 21 மி.மீ. வரை சாக்கெட், ஆலன் கீ செட், இரும்புப் பிரஷ், துருவை இளக்கும் ஸ்ப்ரே. ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் இல்லையென்றால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். காருடன் வரும் கத்தரி ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் அடியில் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். தார்த் தரை வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால் புதையும், அடியில் தடித்த பிளைவுட் வையுங்கள்.

முதல் நாள் இரவே எல்லா மரையையும் பிரஷால் தேய்த்து ஸ்ப்ரே அடித்து விடுங்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் துருவும் மண்ணும் இருந்தால் நட்டு பாதி தூரம் வந்து அங்கேயே கடித்துக்கொள்ளும்.

மறுநாள் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கை பிரேக் போட்டு, கார் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு முன்பக்கம் முழுவதையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் கழன்று வராது, திரும்ப மாட்டும்போது துளையும் சேராது. இரண்டு லிங்க்கையும் விடுவித்த பிறகு ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் பிராக்கெட்டையும் ஏபிஎஸ் ஒயர் கிளிப்பையும் எடுங்கள். சென்சாரைப் பிடுங்க வேண்டியதில்லை, அது நக்கிளில் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) துருப்பிடித்து ஒட்டியிருந்தால் உடைந்துதான் வரும். அடுத்து ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு பெரிய போல்ட். எடுப்பதற்கு முன் பிராக்கெட்டின் ஓரத்தை ஒட்டி நக்கிளில் ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். பல கார்களில் இந்த போல்ட்டின் கழுத்தில் பற்கள் இருக்கும், தலையைச் சுற்றினால் துளையே கெட்டுப்போகும். தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடித்து நட்டை மட்டும் சுற்றுங்கள். நட்டு போல்ட்டின் முனைக்குச் சமமாக வந்ததும் நிறுத்தி, அதன் மேல் சுத்தியால் தட்டுங்கள். அப்போதுதான் அடி மரையில் விழாது.

போல்ட்டை உருவுவதற்கு முன் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கியைத் தொட்டாற்போல் வையுங்கள். போல்ட் வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அப்படியே விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும். அதைவிட மோசம், டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) உள் ஜாயின்ட் ரப்பர் உறைக்குள்ளேயே கழன்றுகொள்ளும். நக்கிளைக் கம்பியால் ஸ்பிரிங்கோடு தற்காலிகமாகக் கட்டுங்கள், ஸ்ட்ரட் வெளியே வரும் நேரத்தில் அந்தக் கம்பியை சப்ஃபிரேமுக்கு (காரின் அடிச்சட்டம்) மாற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகத்தான் பானெட்டுக்கு அடியில் இருக்கும் மவுண்ட் நட்டுகள், பெரும்பாலும் மூன்று. ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு கடைசி நட்டை எடுங்கள். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பதே அதுதான்.

பதில்: சுருள்வில்

மரைக்காரன் சொன்ன கடைசி வரியில் இருந்து தொடர்கிறேன், ஏனென்றால் கேள்வியின் மையமே அதுதான்.

முதல் முறை செய்பவர் ஸ்பிரிங்கைத் தானே அழுத்த வேண்டாம் என்பதுதான் என் முடிவான கருத்து. இந்த அளவுக் காரில் முன்பக்கம் ஒவ்வொரு மூலையிலும் ஏறத்தாழ 300 கிலோவைத் தாங்கி நிற்பது அந்தச் சுருள்தான். ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் அது முழுதாக விரிந்திருக்காது, மேல், கீழ்த் தட்டுகளுக்கு நடுவே அழுந்தியேதான் இருக்கும். கொக்கி நழுவினால் விலகிக்கொள்ள நேரம் கிடைக்காது. தாடை, கை, கண் எதுவும் போகலாம்.

அதைத் தவிர்க்க இரண்டு நல்ல வழி இருக்கிறது. ஒன்று, ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்த்துப் பூட்டிய முழு அசெம்பிளியாக வாங்குவது. எல்லா மாடலுக்கும் கிடைக்காது, கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். இன்னொன்று, ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றி, புதுப் பாகங்களோடு ஒரு ஒர்க் ஷாப்பில் கொடுத்து, சுவரில் பொருத்திய கம்ப்ரெஸ்ஸரில் மாற்றித் தரச் சொல்வது. அவர்களுக்கு அது அரை மணி நேர வேலை. கழற்றுவதும் மாட்டுவதும் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கும்.

இதற்கு மேலும் நானேதான் செய்வேன் என்றால், கவனமாகப் படியுங்கள். கொக்கி வகைக் கம்ப்ரெஸ்ஸர் இரண்டும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். முடிந்தவரை அதிகச் சுற்றுகளைக் கவ்வ வேண்டும். பாதுகாப்புப் பின் இருந்தால் அதைப் பூட்டாமல் தொடங்காதீர்கள். இம்பேக்ட் கன் கூடாது, மரை சூடேறிக் கடித்துவிடும். கையால் இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறிப் போங்கள். ஸ்பிரிங் வில்போல் வளைய ஆரம்பித்தால் நிறுத்தி, தளர்த்தி, மறுபடி பொருத்துங்கள். ஸ்பிரிங் தட்டை விட்டு விலகி, கையால் அசைத்தால் லேசாகச் சுழல வேண்டும். அது சுழலாதவரை நடு நட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. ஸ்ட்ரட்டின் இரண்டு முனையும் உங்கள் பக்கமோ வேறு ஆள் பக்கமோ பார்க்கக் கூடாது.

புது ஸ்ட்ரட்டைச் செங்குத்தாகப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அழுத்தி விரித்த பிறகு பூட்டுங்கள், படுக்க வைத்திருந்ததால் உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். வழவழப்பான அந்தத் தண்டை எந்தக் காரணத்துக்கும் பிளையராலோ வைஸ் கிரிப்பாலோ பிடிக்காதீர்கள். நகத்துக்குக்கூடச் சரியாகத் தட்டுப்படாத ஒரு கீறல் போதும். தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ஆயில் சீலை அறுக்கும், சில மாதத்தில் எண்ணெய் கசியும். தண்டின் தலையில் ஆலன் கீ துளை இருக்கும். அதில் கீயை நிறுத்தி, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டை இறுக்குங்கள்.

பழைய கேஸ் ஷாக்கை அறுக்கவோ சூடாக்கவோ வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

பதில்: புஷ்புராணம்

மேலே யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். புது பாகம் ஒரே வருடத்தில் சத்தம் போடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ரப்பர் புஷ் வழியாகப் போகும் எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதீங்க. லோயர் ஆர்ம், பின் ஷாக்கின் கீழ் போல்ட், பின் பீமின் பெரிய போல்ட் எல்லாத்துக்கும் இது பொருந்தும். தொங்கும்போது இறுக்கினா ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடிச்சுக்கும். காரைக் கீழே இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், ஓட ஓட இன்னும் முறுகும், சீக்கிரமே கிழியும். கையால் நட்டைச் சேர்த்துட்டு, சக்கரத்தை மாட்டி, கார் தன் எடையில் நிக்கும்போது கடைசி இறுக்கம் கொடுங்க. அடியில் கை போக இடமில்லைன்னா, ஸ்டாண்டில் இருக்கும்போதே ஆர்முக்கு அடியில் ஜாக்கி வச்சு, கார் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பாத அளவுக்கு மட்டும் தூக்கி, சக்கரத்தின் நடுவுக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் இடையே முன்னாடி அளந்து வச்ச உயரத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்க. அந்த உயரத்தை முதல் வேலையா, கார் தரையில் நிக்கும்போதே அளந்து எழுதிக்கோங்க.

ஸ்ட்ரட்டின் மேல் நட்டு, நக்கிள் போல்ட், பால் ஜாயின்ட் உள்ள லிங்க் இதிலெல்லாம் முறுக்கும் ரப்பர் கிடையாது. தொங்கும்போதே இறுக்கலாம்.

இறுக்க அளவு ஒவ்வொரு காருக்கும் மாறும், சர்வீஸ் மேனுவல் எண்தான் கணக்கு. கைக்கு ஒரு அந்தாஜ் வேணும்னா, இந்த ரகக் கார்களில் மேல் மவுண்ட் நட்டு 20–30 நியூட்டன் மீட்டர், லிங்க் 40–60, நக்கிள் போல்ட் 80–130, வீல் நட் 100ஐ ஒட்டி இருக்கும். மேல் நட்டு சின்னது, நீளப் பிடி போட்டு இழுத்தா ஸ்டட் முறிஞ்சு கையில் வந்துடும். மரைக்கு கிரீஸ் பூசாதீங்க. உராய்வு குறைஞ்சு, அதே ரீடிங்கில் போல்ட் அதிகமா இழுபடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தணும்னு மேனுவல் சொல்ற போல்ட்டைப் புதுசு வாங்கிடுங்க.

பின்பக்கம் சுலபம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. பீமை ஜாக்கியில் தாங்கிக்கிட்டு ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்தா ஷாக்கை மட்டும் மாத்தலாம், கம்ப்ரெஸ்ஸர் தேவையில்லை. தாங்காம எடுத்தா பீம் விழுந்து பிரேக் ஹோஸ் அறுந்துடும். சில மாடல்ல மேல் போல்ட் டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். முதல் முறை கை பழகணும்னா பின்பக்கத்தில் ஆரம்பிங்க.

புதுச்சாவி

மிக்க நன்றி. முழு அசெம்பிளி என் மாடலுக்குக் கிடைக்கிறது, அதையே வாங்குகிறேன். இரண்டு சந்தேகம். லிங்க் நட்டைச் சுற்றினால் உள்ளே பால் ஸ்டட்டும் (பந்து மூட்டின் மரைத் தண்டு) சேர்ந்தே சுழல்கிறது, ஆலன் கீ துளை துருவில் வழுக்கிவிட்டது. பெயிண்ட் கோடு சரியாகப் பொருந்தினால் அலைன்மென்ட் தேவையில்லை அல்லவா?

பதில்: மரைக்காரன்

லிங்க்கைப் புதிதாகத்தானே போடப் போகிறீர்கள், பழையதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஸ்டட்டின் பின்புறம், ரப்பர் உறைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே, மெல்லிய ஸ்பேனர் பிடிக்கும் தட்டை விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த உறையைக் கிழித்து, ஸ்டட்டை வைஸ் கிரிப்பால் பிடித்துச் சுற்றுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் இரும்பு ரம்பத்தால் நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே அறுத்துவிடலாம். பக்கத்தில் இருக்கும் ஹோஸுக்கு முன்னால் ஒரு தகரத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட் கட்டாயம். நக்கிள் போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே உள்ள இடைவெளியே கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அரை டிகிரி வரை மாற்றிவிடும். கேம்பர் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) நகரும். டோ தப்பினால் டயரின் ஓரம் இறகு இறகாகத் தேயும். பெயிண்ட் கோடு அலைன்மென்ட் இடம் வரை ஒழுங்காக ஓட்டிப் போகத்தான் உதவும். 50–100 கி.மீ. ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, கழற்றிய எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிட்டு அலைன்மென்ட்டுக்குக் கொடுங்கள். ஆனால் ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ கார் இழுத்தாலோ காத்திருக்காமல் அன்றே போங்கள்.

பதில்: சுருள்வில்

அசெம்பிளி வாங்கும்போது இடது, வலது குறியைப் பாருங்கள். ஹோஸ் பிராக்கெட் இருக்கும் பக்கம் மாறும், மாற்றி மாட்டினால் ஹோஸ் டயரில் உரசும்.

மாட்டி முடித்ததும், காரை நகர்த்துவதற்கு முன், எஞ்சினை ஓட விட்டு ஸ்டியரிங்கை முழுதாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். வேறொருவர் திருப்ப, நீங்கள் கேளுங்கள், இன்னும் நல்லது. ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளும் சத்தம் வந்தால் மேல் பேரிங் தலைகீழாக இருக்கிறது, அல்லது ஸ்பிரிங்கின் நுனி கீழ்த் தட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை. தொழிற்சாலையில் பூட்டி வந்ததிலும் நுனி விலகியிருக்கலாம், அதனால் பெட்டியைப் பிரித்ததுமே அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிடுங்கள். விலகியிருந்தால் நீங்கள் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யப் போகாமல், அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.