புதுப்பிப்பு: லேசான கிராங்க் புல்லி, உப்புக்காற்று ஊர்களுக்கு

கார் எஞ்சினில் வீட்டிலேயே அலுமினியக் கிராங்க் புல்லி (கிராங்க் தண்டின் முனையில் இருந்து பெல்ட்டைச் சுற்றும் சக்கரம்) மாட்டும் முந்தைய பதிவின் தொடர்ச்சி இது. மண்டபம், பாம்பன் பக்கம் அலுமினியமும் இரும்பும் தொடும் இடம் சீக்கிரம் அரித்துப் பிடித்துக்கொள்ளும். கிராங்க் முனையைச் சுத்தமாகத் துடைத்து, புல்லியின் உள்துளையில் ஆன்ட்டி-சீஸ் (உலோகங்கள் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) மெல்லிசாகத் தடவுங்கள். போல்ட் மரையில் தடவ வேண்டாம்: உராய்வு குறைந்தால் அதே டார்க்குக்கு (முடுக்கும் விசைக்கு) போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மேனுவல் மரைக்கு எண்ணெய் கேட்டால் அது மட்டும் போடுங்கள். புது போல்ட் போட்டு, விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். முடுக்க இம்பாக்ட் கன் (தட்டித் தட்டி முடுக்கும் பவர் கருவி) கூடவே கூடாது.

பழைய புல்லியில் ரப்பர் வளையம் இருந்தால் அது கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்கும் டேம்பர். அந்த எஞ்சினில் வெறும் அலுமினியம் போடாதீர்கள், கிராங்க்கே உடையலாம்.

சின்ன விட்டமுள்ள புல்லி என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும். நம்மூர் வெயிலில் ஏசி, ஹெட்லைட் போட்டு ஐடிலில் பேட்டரியை அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் பழைய அளவுக்கே திரும்புங்கள்.